மூன்றாவது விலாவில் கட்டிய காப்பு

1

நவம்பர் பிறந்துவிட்டால் இந்த இங்கிலாந்து நாட்டில் ஆளாளுக்குச் சட்டையில் ஒரு சிவப்புக் காகிதப் பூவைக் குத்திக்கொள்வார்கள். யுத்தத்தில் செத்தவர்களை நினைக்கிற மாதம் அது. போன நவம்பரில் எங்கள் தெருமுனைக் கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, என் வயதுதான் இருக்கும், எழுந்து வந்து என் கோட்டில் தன் கையாலேயே ஒரு பூவைக் குத்திவிட்டாள். பிறகு, "உங்கள் ஆட்கள் யாரையாவது இழந்தீர்களா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

எனக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, செவிடனிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்தி இன்னொரு தரம் கேட்டாள். நானும் இன்னொரு தரம் அதையே சொன்னேன். பாவம் என்று கையைத் தட்டிக்கொடுத்தாள். லெஸ்டர் நகரத்துக்கு வந்து ஐம்பது வருஷம் ஆகிறது, அந்த ஒரு தட்டலுக்கு எனக்கு வந்த எரிச்சல் வீடு வரைக்கும் அடங்கவில்லை. வீட்டில் திட்டுவதற்கும் ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷம். பிரஷர் குக்கரிடம்தான் சொன்னேன், அது பாட்டுக்கு விசிலடித்தது.

அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே தெரியாது, ஐயா. யுத்தகாலத்தில் எங்கள் இண்டூர் ஏரியிலிருந்து ஒரு சின்ன விமானத்தில் ஏறிப்போன வெள்ளைக்காரப் பையன் ஊர் போய்ச் சேர்ந்தானா, வழியில் விழுந்து செத்தானா என்பது எனக்கும் தெரியாது, என் அண்ணன் சின்னராசுக்கும் தெரியாது. அது தெரியாமலேயே எங்கள் ஆத்தா கண்ணை மூடினாள். நாங்களும் அப்படியே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்பதுதான் அப்போது என் பயம். அந்தப் பயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2

அப்போது எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பத்து. தர்மபுரியெல்லாம் சேலம் ஜில்லாவில் இருந்த காலம். பங்குனி வெயிலில் ஏரி வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாரியம்மனுக்கு முதல் நாள்தான் காப்புக் கட்டியிருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: திருவிழா தொடங்குகிற அன்று விரலி மஞ்சளை மஞ்சள் நூலில் கோத்து அம்மனுக்குக் கட்டுவார்கள், பிறகு மணிக்கட்டில் நாங்களும் கட்டிக்கொள்வோம். அதை அவிழ்க்கிற நாள்வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டிப் போய்த் தங்கக்கூடாது. ஊருக்குள் வந்துவிட்ட விருந்தாளியும் அப்படித்தான். மீறினால் வழியில் ஆபத்து என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

மறுநாள் காலையில் வானத்திலிருந்து உறுமிக்கொண்டு வந்து ஏரிக்குள் இறங்கியது அது. மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என்று இறக்கைகள். உடம்பெல்லாம் துணி. அதற்குள்ளிருந்து இறங்கினவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பெங்களூரிலிருந்து சூலூருக்குப் போகிறவன் வழி தவறிச் சுற்றிச் சுற்றிப் பெட்ரோல் தீர்ந்துபோய் இறங்கியிருக்கிறான். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த பள்ளிக்கூட வாத்தியார் கேட்டுச் சொன்னார்.

எங்கள் கொல்லைக்காடு ஏரிக்கரையை ஒட்டி இருந்ததால் அவனுக்குச் சோறு போடுகிற பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. ஆத்தா ராகிக் களியும் அவரைக்கொட்டைச் சாறும் வைத்தாள். அந்தப் பையன் களியை எடுத்து வாயில் போட்டு மென்றான், மென்றான், மென்றுகொண்டே இருந்தான். களியை யாராவது மெல்லுவார்களா? ஊரே கூடி நின்று வயிறு வலிக்கச் சிரித்தது. ஆத்தா மட்டும் சிரிக்கவில்லை. தானே ஒரு உருண்டை பிடித்து, சாற்றில் தோய்த்து, தொண்டையைத் தொட்டுக் காட்டி முழுங்கிக் காண்பித்தாள்.

"யாரு பெத்த புள்ளயோ, சிரிக்கிறாங்க பாரு" என்று எங்களைத் திட்டினாள்.

சாப்பிட்டதும் அவனை மாட்டுவண்டியில் ஏற்றித் தர்மபுரிக்குக் கூட்டிப்போனார் மணியக்காரர். தந்தி கொடுக்கவேண்டும், பெட்ரோல் வாங்கவேண்டும். காப்புக் கட்டின ஊராயிற்றே என்று பூசாரி முனகினதற்கு, நாளைக்கே திரும்பிவிடுவோம் என்று மணியக்காரர் சமாதானம் சொன்னார். கிளம்புகிறபோது எங்கள் அப்பாவைக் கூப்பிட்டு, "சர்க்காரு சொத்து. ஒரு கீறல் வுழுந்தாலும் நீதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். யுத்தகாலத்தில் அந்த வார்த்தைக்கு என்ன கனம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

மத்தியானக் காவல் அண்ணனுடையது. கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தான். சும்மா இருக்கப் பிடிக்காமல் விமானத்தின் பக்கவாட்டில் எழுதியிருந்த எழுத்தையும் எண்ணையும் ஓடிப்போய் ஓடிப்போய்ப் பார்த்துவந்து, எங்கள் மாட்டுக்கொட்டாய்க் கதவில் ஆணியால் கீறினான். இங்கிலீஷ் தெரியாது, கோலம் போடுவதுபோல் பார்த்துப் போட்டான். அப்புறம் கோயில் பக்கம் பம்பைச் சத்தம் கேட்டது. கால் தரிக்குமா?

அவன் திரும்பி வருவதற்குள் எங்கள் செவலைக் கன்று இடது பக்கக் கீழ் இறக்கையில் ஒரு முழத் துணியைத் தின்று தீர்த்திருந்தது. அந்தத் துணிமேல் பூசியிருந்த பூச்சுக்குக் கனிந்த வாழைப்பழ வாசனை. கன்றைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு ஏரிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். "சாமி மாதிரி பாத்துக்கச் சொன்னா மாட்டுக்குப் போட்டுட்டியேடா பாவி! என்னை ஜெயிலுக்கு அனுப்பிட்டுதான் ஓய்வியா?"

அண்ணன் அழவில்லை. மரம் மாதிரி நின்றான்.

"வுடுங்க, புள்ளய வையாதீங்க" என்றாள் ஆத்தா. "சாக்கு கிழிஞ்சா தெக்கிறதில்லியா? இதுவும் துணிதான?"

புளி மூட்டை தைப்பதில் ஆத்தாவை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. அவள் வாய் தைத்த மூட்டை வண்டியிலிருந்து உருண்டு விழுந்தாலும் ஒரு கொட்டை வெளியே வராது. விரல்கடை தூரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுத் தைப்பாள், ஒரு முடிச்சு அறுந்தாலும் அடுத்த முடிச்சு தாங்கும். திருவிழாவுக்கு அப்பாவுக்கு எடுத்திருந்த புது வேட்டியைக் கிழித்தாள். ராகிக் கஞ்சியில் முக்கி விறைப்பாக்கி வெயிலில் காயவைத்தாள். பொழுது சாய்வதற்குள் தைத்து முடிக்கவேண்டும் என்று உட்கார்ந்தாள். நூலுக்குத் தேன்மெழுகு தடவிக் கொடுக்கிற வேலை எனக்கு.

கடைசிப் பக்கத்தை மூடுவதற்கு முன் ஆத்தா சுற்றுமுற்றும் பார்த்தாள். தன் மணிக்கட்டில் கட்டியிருந்த காப்பை அவிழ்த்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கட்டின காப்பை நடுவில் அவிழ்க்கவே கூடாது. அவள் இறக்கைக்குள் முழங்கை வரை கையை விட்டு, விலா எலும்பு மாதிரி வரிசையாக நின்ற மரங்களில் நுனியிலிருந்து மூன்றாவது விலாச் சட்டத்தில் அதைச் சுற்றிக் கட்டினாள்.

"ஊரு காப்ப மீறி அந்தப் புள்ள போவாம இருக்க முடியாது. அவனுக்கு உத்தரவு அப்படி. காப்பு அவங்கூடவே போவட்டும்" என்றாள். பிறகு என் காதைப் பிடித்துத் திருகினாள். "யாருகிட்டயாச்சும் வாயத் தொறந்த, தோல உரிச்சுடுவேன்."

அம்மனுக்குக் கட்டின மஞ்சளை வெள்ளைக்காரன் இயந்திரத்தில் கட்டினாள் என்று தெரிந்தால் ஊர் எங்களை என்ன செய்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அப்பாவுக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. அவள் கையில் வெறும் மஞ்சள் நூல் ஒன்றைச் சுற்றி முந்தானையால் மூடிக்கொண்டாள்.

3

மறுநாள் சாயங்காலம் அந்தப் பையன் பெட்ரோல் டின்களோடு வந்தான். அடுத்த நாள் விடிந்ததும் கிளம்புவது என்று ஏற்பாடு. ஒட்டுத்துணி அவன் கண்ணில் பட்டதும் அப்பா கும்பிட்டு நின்றார். பையன் குனிந்து ஒவ்வொரு முடிச்சாக விரலால் தடவிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். தம்பட்டம் மாதிரி டொம்மென்றது. சிரித்துவிட்டு, யார் தைத்தது என்று சைகையில் கேட்டான். ஆத்தா என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

பூசாரி மட்டும் விடவில்லை. "இன்னும் மூணு நாளுதாங்க. காப்பு அவுத்தப்பறம் போவச் சொல்லுங்க. அம்மன் காரியத்துல வெளயாடக்கூடாது."

"தொரைக்கு மேலதிகாரி இருக்காருங்க. நம்ம அம்மன அவருக்குத் தெரியுமா?" என்றார் மணியக்காரர்.

விடிகாலையில் எங்கள் ஆட்கள் வாலைப் பிடித்துத் திருப்பிவிட, அது ஏரியின் நீளத்துக்கு ஓடி எழும்பியது. எழும்பினதும் ஒரு பக்கம் சாய்ந்து ஒரு குலுக்குக் குலுங்கியது. ஆத்தா என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. பிறகு நிமிர்ந்து தெற்கே போய் மறைந்தது.

நாலு நாள் கழித்து மேச்சேரிச் சந்தைக்குப் போய்வந்த ஒருத்தர் சொன்னார்: மேட்டூருக்கு அந்தப் பக்கம் மலையில் ஒரு விமானம் விழுந்து எரிந்ததாம், ஓட்டினவன் கரிக்கட்டையாம். அது இதுதானா என்று யாருக்குத் தெரியும்? யாரைப் போய்க் கேட்பது? யுத்தச் செய்தி பேசினாலே போலீஸ் வரும் என்று பயந்த காலம். ஊர் தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. பாதிப்பேர் காப்பை மீறினதால் விழுந்தான் என்றார்கள். மீதிப்பேர் ஒட்டுத்துணி பிரிந்துபோய் விழுந்தான் என்றார்கள். எப்படிப் பார்த்தாலும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது பழி.

ஆத்தா அதன் பிறகு ஊசியைத் தொடவில்லை. புளி மூட்டையை அடுத்த வீட்டு அம்மா வந்து தைத்துக்கொடுத்தாள். என் பாவாடை கிழிந்தால் நானே தைத்துக்கொள்ளவேண்டும். அப்படித்தான் எனக்குத் தையல் வந்தது. பின்னாளில் லெஸ்டரில் உடுப்புத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் எனக்குச் சோறு போட்டதும் அதுதான். அண்ணனோ அந்த வருஷத்திலிருந்து மாரியம்மன் திருவிழாவுக்கே போவதில்லை. ஊர் காப்புக் கட்டுகிற அன்று வெறும் மணிக்கட்டோடு கொல்லைக்காட்டுக்குப் போய்விடுவான். அவனுக்குக் கல்யாணம் ஆன வருஷமும் அப்படித்தான், பேரன் பிறந்த வருஷமும் அப்படித்தான். காரணம் கேட்டால் எழுந்து போய்விடுவான்.

4

சீமைக்குக் கிளம்புவதற்கு முன் கொட்டாய்க் கதவிலிருந்த அந்தக் கீறலை ஒரு தாளில் பார்த்து எழுதிக்கொண்டேன். அதற்குள் கடைசி எண்ணைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. முன்னால் இருந்ததெல்லாம் சரியாக இருந்தது, கடைசி ஒன்று மட்டும் இல்லை.

வந்த புதிதில் விமானப்படை அலுவலகம் ஒன்றுக்கு எழுதிப்போட்டேன். மாதக்கணக்கில் கழித்து ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு கட்டம்: விமானிக்கும் உங்களுக்கும் என்ன உறவு? நான் யோசித்து யோசித்து, "அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்" என்று எழுதினேன். நம் ஊரில் அது ஒரு உறவுதானே? ரத்த உறவினருக்கு மட்டுமே தகவல் தரமுடியும் என்று பதில் வந்தது. என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

அப்புறம் வேலை, மகள் கவிதாவின் படிப்பு, அவள் கல்யாணம் என்று வருஷங்கள் ஓடின. கவிதாவுக்குத் தமிழ் புரியும், பேச வராது. அவள் மகள் மாயாவுக்கு இரண்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் வந்து முகத்தைக் காட்டி, "ஹாய் அம்மம்மா" என்று சொல்லிவிட்டு நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் பேச்சு ஓடாமல் அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன். கட்டை விரலால் என்னவோ தட்டினாள். நான் எழுதிப்போட்ட கடிதம் செய்யாததை அந்தப் பெண் ஐந்து நிமிஷத்தில் செய்துவிட்டாள்.

அந்த எண் வரிசையில் நம் தெற்கத்திப் பக்கம் வந்தவை இரண்டே இரண்டாம். ஒன்று அந்தக் கோடையிலேயே மலையில் மோதி விழுந்தது, விமானி இறந்துபோனான். இன்னொன்று யுத்தம் முழுவதும் பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்து, முகாமுக்கு முகாம் தபால் சுமந்து, பிறகு அங்கேயே ஒரு பயிற்சிக் கழகத்துக்குப் போய், கடைசியில் பெட்டியில் அடைபட்டு இங்கிலாந்துக்கே திரும்பி வந்துவிட்டது. லெஸ்டரிலிருந்து ஒரு ரயில், ஒரு பஸ் தூரத்தில் ஒரு கொட்டகையில் அதைப் பழையபடி ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"எது உங்களுடையது அம்மம்மா?" என்று மாயா கேட்டாள்.

அதுதானே கேள்வி! சந்தைக்காரர் சொன்னது பொய்யில்லை, ஒரு விமானம் விழத்தான் விழுந்திருக்கிறது. அண்ணனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அரைகுறையாகச் சொல்லி அவனை இன்னொரு தரம் கொல்வானேன்?

5

இரண்டு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் அந்தக் கொட்டகைக்குப் போகிறேன். எல்லாரும் என்னைப்போல் ஓய்வு பெற்றவர்கள், கூலி கிடையாது, டீ மட்டும் உண்டு. தலைவர் ஆர்தர் என்று ஒருவர், கழுத்தில் கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார், பேச்சு எண்ணி எண்ணித்தான் வரும். தையல் தெரியும் என்றதும் சோதனைக்கு ஒரு துண்டைக் கொடுத்தார். மெழுகு நூலில் தைக்கவேண்டும், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. நான் ஆத்தாவின் மூட்டைத் தையலைப் போட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், "எங்கே கற்றீர்கள்?" என்றார். "புளியில்" என்று வாயில் வந்துவிட்டது. அவர் மேலே கேட்கவில்லை.

வாலைத் தைத்தேன், மேல் இறக்கைகளைத் தைத்தேன். இடது கீழ் இறக்கை மட்டும் பழைய துணியோடு சுவரில் சாய்ந்து நின்றது. அதன் முறை கடைசி. விமானத்தின் யுத்தகால ஏடு தண்ணீரில் ஊறி ஒட்டிப்போய்விட்டதால் அதிலும் ஒன்றும் தெரியவில்லை. நான் கேட்டிருந்தால் ஒரு ஓட்டை போட்டுப் பார்த்திருப்பார்களோ என்னவோ. கேட்கப் பயமாக இருந்தது. திறந்து பார்த்து உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பையனைக் கொன்றது நாங்கள்தான் என்று ஆகிவிடும். அதைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்? இரண்டு வருஷம் அந்த இறக்கைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் தைத்தேன்.

நடுவில் ஒரு கூத்து. மறதி வந்துவிட்டதோ என்று மகள் என்னைச் சோதனைக்குக் கூட்டிப்போனாள். நர்ஸ், "வாரத்தில் என்னென்ன செய்வீர்கள்?" என்றாள். "திங்கள் துணி துவைப்பேன், செவ்வாய் விமானம் தைப்பேன்" என்றேன். நர்ஸ் என் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். உண்மைதான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் செவ்வாய்க்கிழமை எங்கே போகிறேன் என்று அவளுக்கு அதுவரை தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை.

நவம்பரில் அந்தப் பூக்காரம்மா கேட்ட கேள்விக்குப் பிறகுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதே வாரம் அண்ணன் மகனும் பேசினான். "அத்தை, அப்பாவுக்கு மூச்சு இழுக்குதுங்க. தர்மபுரி ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்." அடுத்த செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் ஆர்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கன்று தின்றதிலிருந்து. என் இங்கிலீஷ் பாதியில் நொண்டியது. அவர் டீயை ஆறவிட்டு முழுதும் கேட்டார்.

"குளிரில் மரம் ஈரம் வாங்கிவிடும். ஏப்ரலில் முதல் வேலையாக அதைத் திறப்போம். நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும்" என்றார்.

அண்ணன் மூச்சு ஏப்ரல் வரை தாங்கவேண்டுமே என்று நான் வேண்டாத சாமியில்லை.

6

ஏப்ரலில் இறக்கையை மேசைமேல் கிடத்தினார்கள். ஆர்தர் ஓரத்தைக் கத்தரித்துத் துணியை உரித்தார். ஒட்டுத்துணி இல்லை. ராகிக் கஞ்சி வேட்டி இல்லை, ஆத்தாவின் முடிச்சு இல்லை. ஒரே சீரான துணி. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்கள்" என்றார் ஆர்தர். "இது அசல் துணி இல்லை. இந்தியாவில் இருந்தபோது இரண்டு முறை துணி மாற்றியிருக்கிறார்கள், கழகத்து ஏட்டில் இருக்கிறது. உங்கள் ஒட்டு இருந்திருந்தாலும் முதல் தடவையே போயிருக்கும்."

விலாச் சட்டத்துக்கு இங்கிலீஷிலும் விலா என்றுதான் பெயர். நுனியிலிருந்து மூன்றாவது. வெளிப்பக்கம் வெறும் மரம். நான் கையுறையைக் கழற்றிவிட்டு, ஆத்தா விட்டதுபோல் முழங்கை வரை கையை உள்ளே விட்டேன். முன்பக்கக் கட்டைக்கும் விலாவுக்கும் இடையில், கண்ணுக்குத் தெரியாத மூலையில், சுண்டுவிரல் அளவுக்கு ஒன்று நெருடியது.

விளக்கைப் பிடித்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். காய்ந்து கறுத்து மரக்கட்டையாகிப்போன விரலி மஞ்சள். அதைச் சுற்றி இற்றுப்போன மஞ்சள் நூலின் மிச்சம். அதன் மேலேயே மெழுகு நூலில் ஒரு கட்டு. அதற்கும் மேலே சிவப்பு நைலான் நூலில் இன்னொரு கட்டு.

ஆர்தர் எண்ணினார். "இரண்டு தடவை துணி மாற்றினார்கள். இரண்டு புதுக் கட்டு."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கழகத்தில் இறக்கையைப் பிரித்தவன் எவனோ ஒரு நம்மாள். இது என்ன, யார் கட்டினது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் காப்பு என்று தெரிந்திருக்கிறது. அவிழ்க்க மனசு வராமல், நூல் இற்றுவிட்டதே என்று மேலே ஒரு கட்டுப் போட்டு மூடியிருக்கிறான். பல வருஷம் கழித்துப் பிரித்தவனும் அதையே செய்திருக்கிறான். யார் பெற்ற பிள்ளைகளோ! அந்தக் கொட்டகை நடுவில் அத்தனை வெள்ளைக்காரர்கள் முன்னால் வாய்விட்டு அழுதேன். அன்றைக்கு அந்தப் பையன் விழவில்லை. இந்த இறக்கை எங்கள் ஏரியிலிருந்து எழும்பி, போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆர்தருக்கு ஒரு சட்டம் உண்டு. விமானத்துக்குச் சொந்தமில்லாத எந்தப் பொருள் அகப்பட்டாலும் எடுத்து, பையில் போட்டு, படிவத்தில் எழுதவேண்டும். அவர் படிவத்தை எடுத்தபோது எனக்குத் திக்கென்றது. பொருள் என்ற இடத்தில் மஞ்சள் என்று எழுதினார். பயன் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"இது எதற்கு?" என்று கேட்டார்.

"போகிறவன் பத்திரமாகப் போக" என்றேன்.

அப்படியே எழுதினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து, "அகற்றக்கூடாது" என்று எழுதி அந்த விலாவில் கட்டினார். மெழுகு நூலை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். நான் நாலாவது கட்டைப் போட்டேன்.

7

கொட்டகை வாசலிலிருந்தே அண்ணனைக் கூப்பிட்டேன். ஊரில் சாயங்காலம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் கட்டிலை விட்டு அதிகம் எழுந்திருப்பதில்லை. மருமகள் போனை அவன் காதில் வைத்தாள்.

"பாப்பா?" என்றான். எனக்கு எழுபத்தெட்டு முடிந்தாலும் அவனுக்குப் பாப்பாதான்.

"அண்ணா, அந்தத் தொரை போய்ச் சேந்துட்டான். விழுந்தது வேற விமானம். நம்மது இங்கதான் இருக்குது. நான் கையால தொட்டுப் பாத்தேன்."

 ஆத்தா கட்டின காப்பைப் பற்றி எழுபது வருஷத்துக்குப் பிறகு அவனிடம் சொன்னேன். காதைத் திருகினதையும் சொன்னேன்.

"அப்ப அவன் ஊரு காப்ப மீறலியா?"

"இல்லண்ணா. கட்டிக்கிட்டுதான் போனான்."

"ஆத்தா தெச்சது பிரியலியா?"

"ஆத்தா தெச்சது என்னைக்குப் பிரிஞ்சிருக்குது?"

அவன் அழுதான். கன்று தின்ற அன்று அழாதவன், ஆத்தா செத்தபோது அழாதவன், குழந்தை மாதிரி அழுதான். பக்கத்தில் மருமகள் பதறுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "ஊருல நாளைக்குக் காப்புக் கட்டறாங்க பாப்பா" என்றான். "பையனத் தூக்கிட்டுப் போவச் சொல்றேன். நானும் கட்டிக்கிறேன்."

"கட்டிக்கண்ணா."

"ஆத்தாகிட்ட யாரு சொல்றது?"

 கொட்டகைக்கு எதிரே பஸ் வந்து நின்று, ஆள் ஏறாததால் கிளம்பிப் போயிற்று.

"மொதல்ல போறது நான்தான். நானே சொல்லிக்கிறேன்" என்றான்.

"அதெப்படி? கன்னுக்குட்டிய வுட்டுட்டு ஓடினவன் நீ. மெழுகு தடவிக் குடுத்தவ நான். நான்தான் சொல்வேன்."

"போடி, எனக்கு எம்பத்தொண்ணு ஆவுது."

"எனக்குச் சக்கரை இருக்குது, பிரஷர் இருக்குது."

அவனுக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன. அடுத்த பஸ் வருகிறவரை, கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தனும் இந்தப் பக்கம் ஒருத்தியுமாக, ஆத்தாவிடம் முதலில் போய்ச் சொல்லப்போவது யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.